நல்ல பாக்டீரியா, நலிந்த குடல்: ப்ரோபாட்ரியா சோதனை – ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜனவரியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. கடுமையான கணைய அழற்சியோடு வந்தவர்களுக்குத் தொற்று வராமல் தடுக்கப் புரோபயாட்டிக் பாக்டீரியா, அதாவது உடலுக்கு நன்மை செய்யும் என்று உயிரோடு கொடுக்கப்படும் பாக்டீரியா, கொடுத்துப் பார்த்த சோதனை அது. பாக்டீரியா பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்திருந்தார்கள். பாக்டீரியா இல்லாத வெறும் மாவுத்தூள் பெற்ற 144 பேரில் இறந்தவர்கள் 9 பேர். எதைத் தடுக்க நினைத்தார்களோ அந்தத் தொற்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது.

ப்ரோபாட்ரியா என்று அழைக்கப்படும் இந்தச் சோதனையின் முழு அறிக்கை அதே ஆண்டு லான்செட் இதழில் வந்தது. மார்க் பெசலிங்க் முதல் ஆசிரியர், ஹைன் கூஸ்சென் குழுவின் தலைவர். புரோபயாட்டிக் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. குடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு பாக்டீரியாவை எப்படிப் பார்க்கிறது, எந்த நிலையில் அதைப் பொறுத்துக்கொள்கிறது, எந்த நிலையில் பொறுக்க முடியாமல் போகிறது என்பதை இந்தச் சோதனை அளவுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டிய நிகழ்வு குறைவு. அதனால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

யோசனை எங்கிருந்து வந்தது

பித்தப்பைக் கல் நழுவி வந்து குழாயை அடைத்துக்கொள்வதும் மதுவும்தான் கணையம் திடீரென்று வீங்கி அழலுவதற்கு முக்கியமான காரணங்கள். உணவைச் செரிக்க வேண்டிய என்சைம்கள் கணையத்துக்கு உள்ளேயே வேலை செய்யத் தொடங்கி, அந்த உறுப்பையே அரிக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் முற்றுகிறது. கணையத்தின் பகுதிகள் செத்துப்போகின்றன, நுரையீரல், சிறுநீரகம் என்று மற்ற உறுப்புகளும் தடுமாறுகின்றன.

அப்படிச் செத்த திசுவில் பாக்டீரியா குடியேறிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிவிடும். அங்கே வளரும் கிருமிகளைச் சோதித்தால் எஷ்சரிச்சியா கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் என்று பெரும்பாலும் குடலில் வாழ்பவையே இருக்கும். அவை குடல் சுவரைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. தடுப்புக்காக ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் கூட்டணியும், 2007-ல் மெரோபெனமும் இரட்டை மறைப்புச் சோதனைகளில் (யாருக்கு மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத சோதனைகள்) பயன் தராமல் போயின.

இதற்கிடையே 2002-ல் ஹங்கேரியில் அட்டிலா ஓலாவும் அவருடைய குழுவும் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டார்கள். மொத்தம் 45 நோயாளிகள். உயிருள்ள லாக்டோபேசிலஸ் பிளான்டேரம் 299 பெற்ற 22 பேரில் ஒருவருக்கு மட்டும் கணையத்தில் தொற்று வந்தது. கொன்ற பாக்டீரியா பெற்ற 23 பேரில் ஏழு பேருக்கு வந்தது. எலிகளில் செய்த சோதனைகளும் நம்பிக்கை தந்தன. ஆன்டிபயாட்டிக் கைவிட்ட இடத்தில், நூற்றாண்டுகளாக மனிதர்கள் உணவோடு சேர்த்தே தின்றுவந்த பாக்டீரியா கைகொடுக்கும் என்று நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அந்த மருத்துவர்களின் இடத்தில் யார் இருந்திருந்தாலும் இதே சோதனையைத்தான் செய்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

குடல் சுவர் பாக்டீரியாவை எப்படிப் படிக்கிறது

அவர்கள் எதிர்பார்த்த பயன்கள் மூன்று. நல்ல பாக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொண்டு கெட்டவற்றை ஒதுக்கும். குடல் சுவரின் அடைப்பைப் பலப்படுத்தும். நோய் எதிர்ப்புச் செல்களை நிதானப்படுத்தும். மூன்றுமே வெறும் ஆசை அல்ல. ஆய்வகத்தில் ஆதாரம் உள்ளவை.

நம் குடலின் உள்பக்கத்தை மூடியிருப்பது எபிதீலியல் செல்கள் எனப்படும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள். இந்தப் பக்கம் பாக்டீரியா, அந்தப் பக்கம் ரத்தமும் நோய் எதிர்ப்புச் செல்களும். பெருங்குடலில் இந்தச் செல்களின் மேல் இரண்டு அடுக்குச் சளிப்படலம் உண்டு. அதில் உள்ளடுக்கு அடர்த்தியானது, பாக்டீரியா அங்கே நுழைவது அரிது. சிறுகுடலில் அப்படி இல்லை. ஒரே அடுக்கு, அதுவும் தளர்வானது. அங்கே பானெத் செல்கள் சுரக்கும் டிஃபென்சின் போன்ற சிறு புரதங்களும், சளியில் கலக்கும் ஐ.ஜி.ஏ என்ற எதிர்ப்புப் புரதமும்தான் காவல். உடலில் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் செல்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சில கிராம் ஐ.ஜி.ஏ அங்கே சுரக்கிறது. அந்த ஐ.ஜி.ஏ பெரும்பாலும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அதன்மேல் ஒட்டிக்கொண்டு, சுவரை நெருங்கவிடாமல் வைத்திருக்கிறது.

பாக்டீரியா வந்திருக்கிறது என்று சுவருக்கு எப்படித் தெரிகிறது? செல்களில் டோல் வகை ஏற்பிகள், அதாவது கிருமியின் பொருட்களை உணரும் புரதங்கள், இருக்கின்றன. லாக்டோபேசிலஸின் சுவரில் உள்ள லைப்போடைக்காயிக் அமிலம் போன்ற பொருட்களை இரண்டாம் எண் ஏற்பி உணர்கிறது. எஷ்சரிச்சியா போன்றவற்றின் வெளிச்சவ்வை நான்காம் எண் ஏற்பி உணர்கிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ துணுக்குகளுக்கு ஒன்பதாம் எண். ஆக, 'நல்ல' பாக்டீரியாவுக்குத் தனி ஏற்பி, 'கெட்ட' பாக்டீரியாவுக்குத் தனி ஏற்பி என்று எதுவும் இல்லை. ஒரே ஏற்பிகள்தான். அந்தச் செய்தி எந்த இடத்தில், எந்தச் செல்லுக்கு, எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு மாறுகிறது. இந்த நிகழ்வு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்றுகூடச் சொல்வேன்.

உதாரணமாக, எபிதீலியல் செல்லின் குடல் பக்கத்து முகத்தில் பாக்டீரியாவின் மணம் பட்டால், பெரும்பாலும் அது காவலை இறுக்கிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. அதே மணம் செல்லின் அடிப்பக்கத்தில் பட்டால், சுவர் உடைந்துவிட்டது என்று அர்த்தம்; அழற்சி தொடங்குகிறது. சுவருக்குப் பின்னால் நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோபேஜ் செல்களும் இதே மாதிரி அடக்கமானவை. பாக்டீரியா கிடைத்தால் விழுங்கிவிடும், ஆனால் ஊரைக் கூட்டாது. ஐ.எல்.10 என்ற அமைதிச் செய்தி அவற்றை அந்த நிலையில் வைத்திருக்கிறது. அழற்சி வந்துவிட்டாலோ ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற புது வெள்ளணுக்கள் வந்து அந்த இடத்தில் நிறைந்துவிடும். அவற்றுக்கு அந்த அடக்கம் பழகவில்லை. அதே பாக்டீரியாத் துணுக்குக்கு டி.என்.எஃப், ஐ.எல்.1, ஐ.எல்.6 என்று அழற்சிச் செய்திகளைச் சுரந்து தள்ளும்.

புரோபயாட்டிக் பாக்டீரியா செய்யும் நல்ல வேலைகளும் இந்த வழிகளில்தான் நடக்கின்றன. லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜி.ஜி என்ற வகை சுரக்கும் பி40 என்ற புரதம், எபிதீலியல் செல்களைச் சாகவிடாமல் காக்கும் ஒரு ஏற்பியைத் தூண்டுகிறது. சில லாக்டோபேசிலஸ்கள் டிரிப்டோஃபான் அமினோ அமிலத்தை உடைத்து உண்டாக்கும் இண்டோல் பொருட்கள், ஐ.எல்.22 என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கச் செய்து சுவரைச் செப்பனிட உதவுகின்றன. பிஃபிடோபாக்டீரியா உண்டாக்கும் அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வேறு பாக்டீரியா எடுத்துக்கொண்டு பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலமாக மாற்றுகிறது. பெருங்குடலில் அழற்சியை அடக்கும் ரெகுலேட்டரி டி செல்கள் பெருக பியூட்டிரேட் உதவுகிறது என்பது 2013-ல் தெளிவானது.

நெதர்லாந்திலேயே நடந்த இன்னொரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு லாக்டோபேசிலஸ் பிளான்டேரம் குடிக்கக் கொடுத்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து துளி திசு எடுத்து, எந்த ஜீன்கள் விழித்தன என்று பார்த்தார்கள். 2009-ல் வந்த அந்த முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே பாக்டீரியா, ஆனால் வேகமாகப் பெருகும் நிலையில் கொடுத்தால் ஒரு மாதிரி, வளர்ச்சி நின்ற நிலையில் கொடுத்தால் வேறு மாதிரி, கொன்று கொடுத்தால் இன்னொரு மாதிரி எனக் குடல் சுவர் பதில் சொன்னது. 2011-ல் மூன்று வேறு வகைகளை வைத்து அதே குழு செய்த ஆய்வில், ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடும் பெரிதாகத் தெரிந்தது. இத்தனையும் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் குடலில்! கணையம் அழுகிக்கொண்டிருக்கும் ஒருவரின் குடல் என்ன பதில் சொல்லும் என்று இதை வைத்து யாராலும் கணித்திருக்க முடியாது.

சோதனை நடந்த விதம்

2004 முதல் 2007 வரை 15 டச்சு மருத்துவமனைகளில் 298 பேர் சேர்க்கப்பட்டார்கள். அதில் இருவரை விலக்கிவிட்டு 296 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். நோய் கடுமையாகும் என்று மதிப்பெண்களும் ரத்தப் பரிசோதனையும் காட்டியவர்கள் மட்டுமே தகுதியானவர்கள். அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். கொடுத்தது எக்கோலாஜிக் 641 என்ற கலவை. நான்கு வகை லாக்டிக் அமில பாக்டீரியாவும் இரண்டு வகை பிஃபிடோபாக்டீரியாவும் கொண்டது. நாளொன்றுக்கு மொத்தம் ஆயிரம் கோடி பாக்டீரியா, இரண்டு வேளையாக, 28 நாள் வரை. எதிர்த்தரப்புக்குச் சோள மாவும் மால்டோடெக்ஸ்ட்ரினும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் யாருக்கு எது என்று தெரியாது. எல்லாருக்கும் நார்ச்சத்து சேர்த்த திரவ உணவு, மூக்கு வழியாகச் சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜூனம் வரை போகும் குழாயில்.

அந்தக் குழாயின் முனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆரோக்கியமானவரின் ஜெஜூனத்தில் பாக்டீரியா மிகக் குறைவு; ஒரு மில்லி லிட்டரில் சில ஆயிரங்கள், அதிகம் போனால் லட்சத்தை ஒட்டி. பெருங்குடலில்தான் அந்த எண்ணிக்கை கோடிகளைத் தாண்டிப் போகும். நாம் வாயால் சாப்பிடும் பாக்டீரியாவில் ஒரு பகுதி இரைப்பையின் அமிலத்தில் மடிந்த பிறகுதான் சிறுகுடலுக்கு வரும். இங்கே இரைப்பையை ஒதுக்கிவிட்டு, தளர்ந்த சளிப்படலம் மட்டுமே உள்ள இடத்துக்கு ஆயிரம் கோடி பாக்டீரியாவும், அவை உண்டு பெருக மாவுப்பொருளும் நேராகப் போய்ச் சேர்ந்தன.

நடந்தது என்ன

தொற்றுச் சிக்கல் புரோபயாட்டிக் தரப்பில் 46 பேருக்கு, அதாவது 30 சதவீதம். எதிர்த்தரப்பில் 41 பேருக்கு, 28 சதவீதம். வித்தியாசம் இல்லை. இறப்பு 16 சதவீதமும் 6 சதவீதமும். புரோபயாட்டிக் தரப்பில் ஒன்பது பேருக்குக் குடலில் ரத்த ஓட்டம் குன்றித் திசு செத்தது. அதில் எட்டுப் பேர் இறந்தார்கள். எதிர்த்தரப்பில் அப்படி ஒருவருக்குக்கூட வரவில்லை.

புரோபயாட்டிக் பாக்டீரியா ரத்தத்தில் புகுந்து செப்சிஸ் (தொற்றால் உடல் முழுவதும் நிலைகுலைவது) உண்டாக்கியதா என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. இல்லை. நோயாளிகளின் தொற்றுகளில் அந்த ஆறு வகைகளும் வளரவில்லை. கொடுத்த பாக்டீரியா சுவரைத் தாண்டியதற்கான தடயமே இல்லாமல் கேடு நடந்திருக்கிறது. இந்த நிகழ்வை மற்ற புரோபயாட்டிக் விபத்துகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான்.

ஏன் நடந்தது

கடுமையான கணைய அழற்சியில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடல் குடலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கிறது. சிறுகுடலில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனி, நல்ல நாளிலேயே குறைந்த ஆக்சிஜனில் பிழைப்பது. ரத்தம் குறைந்தால் சாவு அந்த நுனியில் தொடங்கும். அப்போது குழாய் வழியாக உணவு வந்தால் அதைச் செரிக்க, உறிஞ்ச, இன்னும் ஆக்சிஜன் வேண்டும். அதற்கும் மேலே பாக்டீரியா வந்தால், அவற்றின் வேலையும் சுவரின் வேலையும் சேர்ந்து அந்தப் பற்றாக்குறையைக் கூட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களே முன்வைத்த முதல் விளக்கம்.

இரண்டாவது விளக்கம்தான் நோய் எதிர்ப்பு அமைப்பைத் தொடுகிறது. பாக்டீரியாவின் வரவே சுவரில் உள்ளூர் அழற்சியைத் தூண்டி, சிறு ரத்த நாளங்களில் ஓட்டத்தை மேலும் கெடுத்திருக்கலாம். முன்பு சொன்ன அந்த அடக்கமான மேக்ரோபேஜ், குடல் பக்கமும் அடிப்பக்கமும் என்ற பிரிவு, ஐ.எல்.10 தரும் அமைதி எல்லாமே முழுசாக இருக்கும் சுவரைச் சார்ந்த ஏற்பாடுகள். எபிதீலியல் செல்கள் நுனியில் உதிரத் தொடங்கிவிட்டால் லைப்போடைக்காயிக் அமிலம் போய்ச் சேரும் இடம் மாறுகிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் செல்லும் மாறுகிறது. பொறுமை கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய அதே செய்தி, அழற்சிக்கு அழைப்பாக மாற இடமிருக்கிறது. இந்த நோயாளிகளின் குடலில் படிக்குப் படி இப்படித்தான் நடந்தது என்று திசுவில் காட்டப்படவில்லை. ஆனால் இதற்கு வலுச் சேர்க்கும் ஒரு சான்று அதே சோதனையிலிருந்து வந்தது.

ஒரு பகுதி நோயாளிகளிடம் சிறுநீரை எடுத்துக் குடல் சுவரின் நிலையை அளந்திருந்தார்கள். 2009-ல் அதை வெளியிட்டார்கள். குடல் செல்கள் சிதையும்போது வெளியேறும் ஒரு கொழுப்பமிலப் பிணைப்புப் புரதத்தை வைத்துச் சிதைவைக் கணித்தார்கள். உறுப்புச் செயலிழப்பு இருந்தவர்களிடம் புரோபயாட்டிக் பெற்றவர்களுக்கு அந்தப் புரதம் கூடியிருந்தது, அதாவது செல்கள் அதிகம் சிதைந்திருந்தன. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாலோ, பாக்டீரியா சுவரைத் தாண்டுவதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்ட நைட்ரிக் ஆக்சைடு கழிவு, புரோபயாட்டிக்கால் குறைந்திருந்தது; உறுப்புச் செயலிழப்பு இருந்தவர்களிடம் அதுவும் கூடியிருந்தது. ஒரே கலவை, ஒரே அளவு, ஒரே குழாய். ரத்த ஓட்டம் தாக்குப்பிடித்த குடலில் ஆய்வாளர்கள் ஆசைப்பட்ட பயன் ஓரளவு நடந்திருக்கிறது. தாக்குப்பிடிக்காத குடலில் நேர் எதிரானது நடந்திருக்கிறது. இறப்பு எண்ணிக்கையைவிட இந்தத் தகவல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாக்டீரியா எதிர்பார்த்ததுபோலவே நடந்துகொண்டது. குடல்தான் இரண்டு விதமாக இருந்தது.

மூன்றாவது விளக்கம் 2016-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்தது. இரண்டு டச்சு ஆய்வாளர்கள், பழியை மாவுப்பொருள் நிறைந்த குழாய் உணவின் மேல் திருப்பினார்கள். பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து உண்டாக்கிய லாக்டிக் அமிலமும், கணையத்திலிருந்து வந்த புரதம் அரிக்கும் என்சைம்களும் சேர்ந்து சிறுகுடலைப் புண்ணாக்கின என்பது அவர்கள் வாதம். நோயின் தொடக்கத்திலேயே, மாவுப்பொருளைக் குறைத்துக் கொடுத்தால் புரோபயாட்டிக் இன்னும் உதவக்கூடும் என்றும் எழுதினார்கள். லாக்டிக் அமிலம் பற்றிய பகுதி எனக்கு நியாயமாகப் படுகிறது. மறுபடி நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்ற பகுதியை ஏற்க மனம் வரவில்லை. ஒன்பது குடல்கள் செத்த பிறகு, அந்தக் கேள்விக்கு விலங்குச் சோதனை மட்டும் சான்றாகப் போதாது.

வேறொரு மறுப்பும் உண்டு. நோயாளிகளை இரு தரப்பாகப் பிரித்த குலுக்கலில் தற்செயலாகப் புரோபயாட்டிக் தரப்பில், தொடக்கத்திலேயே உறுப்புச் செயலிழப்போடு இருந்தவர்கள் கூடுதலாக விழுந்துவிட்டார்கள், இறப்பு வித்தியாசத்துக்கு அதுவும் காரணம் என்றார்கள் விமர்சகர்கள். இறப்பைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்ற குடல் சாவின் கணக்கை அதை வைத்து முழுவதும் கழித்துவிட முடியாது.

கண்காணிப்பில் விழுந்த ஓட்டை

பாதி வழியில் ஓர் இடைக்காலக் கணக்கெடுப்பு நடந்தது. கண்காணிப்புக் குழு, சோதனை தொடரலாம் என்றது. அப்போதே இறப்புகள் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தனவா, அதைச் சரியாகப் படித்தார்களா என்பது பின்னால் பெரிய சர்ச்சையானது. 2009 டிசம்பரில் நெதர்லாந்தின் மேற்பார்வை அமைப்புகள் சோதனையின் வடிவமைப்பையும் நடத்தையையும் குறைகூறி அறிக்கைகள் வெளியிட்டன. இந்தப் பாக்டீரியா உணவா மருந்தா என்ற கேள்வியும் அப்போதுதான் தீவிரமாக எழுந்தது. உணவு என்று நினைத்ததால் 'என்ன கெடுதல் வந்துவிடும்' என்ற நம்பிக்கை எல்லா மட்டத்திலும் ஊறியிருந்தது. ஒரு புது மருந்து என்றால், உயிருக்குப் போராடும் நோயாளிகளிடம் நேராகப் பெரிய சோதனைக்குப் போவதற்கு முன் சிறு அளவில், குடலின் ரத்த ஓட்டத்தை அளந்தபடி, படிப்படியாகப் போயிருப்பார்கள். அந்தப் படி இங்கே விடுபட்டது. அந்த நோயாளிகளின் குடும்பங்களுக்கு இதைவிட வேதனையான விஷயம் இருந்திருக்காது.

மறுபக்கம்: ஒடிசாவின் கிராமங்கள்

ப்ரோபாட்ரியாவை மட்டும் பார்த்துவிட்டுப் புரோபயாட்டிக் என்றாலே ஆபத்து என்று முடிவு கட்டினால் அதுவும் தவறாகிவிடும். பினாகி பாணிகிரஹியும் அவருடைய குழுவும் ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடத்திய சோதனை 2017-ல் நேச்சர் இதழில் வந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு, நூறு கோடி லாக்டோபேசிலஸ் பிளான்டேரமும் அது உண்ணும் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகை சிறிதளவும், ஏழு நாள் வாய்வழியாக. அறுபது நாள் வரை கவனித்தார்கள். செப்சிஸ் அல்லது மரணம் என்ற சேர்ந்த அளவு, எதிர்த்தரப்பில் 9 சதவீதமாகவும் புரோபயாட்டிக் தரப்பில் 5.4 சதவீதமாகவும் இருந்தது. பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்டதைவிட முன்னதாகவே சோதனையை நிறுத்தினார்கள். நுரையீரல் தொற்றுகூடக் குறைந்தது. குடலில் விட்ட பாக்டீரியாவுக்கு நுரையீரலில் பலன் தெரிகிறது என்றால், இடத்தைப் பிடித்துக் கிருமியை விரட்டுவதைத் தாண்டி, நோய் எதிர்ப்பு அமைப்பு முழுவதற்கும் ஏதோ ஒரு பாடம் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம்.

ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்தவை, தாய்ப்பால் குடிப்பவை, நோய் அறிகுறி இல்லாதவை. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் குடல், யாரும் குடியேறாத குடல், நோய் எதிர்ப்புச் செல்கள் எதைப் பொறுப்பது எதை எதிர்ப்பது என்று கற்றுக்கொண்டிருக்கும் வயது. ஹங்கேரியில் கொடுத்ததும் இங்கே கொடுத்ததும் ஒரே இனத்துப் பாக்டீரியாவின் வேறு வேறு வகைகள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளிலும் எல்லை உண்டு. 2023-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், மருத்துவமனையில் புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு மிகக் குறைமாதக் குழந்தை செப்சிஸில் இறந்ததை அறிவித்து எச்சரித்தது. குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்த பிஃபிடோபாக்டீரியமும் பொட்டலத்தில் இருந்ததும் மரபணு வரிசையில் ஒன்றாக இருந்தன. இங்கே பாக்டீரியா நேராகவே சுவரைத் தாண்டிவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகலைத் தடுக்கப் புரோபயாட்டிக் உதவுகிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கும்போதே இதுவும் நடந்தது.

இன்றைய நடைமுறை

இப்போது கடுமையான கணைய அழற்சியில் புரோபயாட்டிக் கொடுப்பதில்லை. சிகிச்சை வழிகாட்டிகள் வேண்டாம் என்றே சொல்கின்றன. 2020-ல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் சில குறிப்பிட்ட நிலைகளுக்கு, குறிப்பிட்ட வகைகளை மட்டுமே பரிந்துரைத்தது. குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு வேண்டாம் என்றது.

நம் ஊரில் ஆன்டிபயாட்டிக் எழுதினால் கூடவே ஒரு புரோபயாட்டிக் காப்ஸ்யூலோ சாஷேயோ எழுதுவது சகஜம். நடமாடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அதனால் பெரிய கெடுதல் வருவது அரிது. ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொடுப்பது வேறு விஷயம். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் வகை, கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களின் ரத்தத்தில் புகுந்துவிடுவதைக் கண்டு, 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, கவலைக்கிடமானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்றது. நோயாளியின் கட்டிலருகே சாஷேயைப் பிரிக்கும்போது பறக்கும் தூளும், கையில் ஒட்டும் தூளும்கூட டியூப்பைத் தொடலாம். உறவினர் யாராவது ஐ.சி.யூ.வில் இருக்கும்போது, 'வயித்துக்கு நல்லதுதானே' என்று வீட்டிலிருந்து சாஷே எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், அந்த டச்சுக் குழு இதோடு ஒதுங்கிவிடவில்லை. தங்கள் நோயாளிகளுக்குத் தொற்று எந்த நாளில் வருகிறது என்று திரும்பப் போய்ப் பார்த்தார்கள். நிமோனியாவும் ரத்தத் தொற்றும் முதல் வாரத்தை ஒட்டியே வந்துவிடுகின்றன. செத்த கணையத் திசுவில் தொற்று வருவது பெரும்பாலும் அதற்குச் சில வாரங்கள் கழித்து. 72 மணி நேரத்துக்குள் தொடங்கிய பாக்டீரியா, குடலில் தங்கி, சுவரைப் பலப்படுத்தி, எதிர்ப்புச் செல்களைப் பழக்கி முடிப்பதற்குள் முதல் அலை வந்துவிட்டிருந்தது. குடலுக்கு உடனே உணவு கொடுத்தால் சுவர் பலப்பட்டுத் தொற்று குறையும் என்ற நம்பிக்கையையும் பிறகு சோதித்தார்கள். பைத்தான் என்ற அந்தச் சோதனை 208 நோயாளிகளோடு 2014-ல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் குழாய் உணவு தொடங்கியவர்களில் 30 சதவீதம் பேருக்குப் பெரிய தொற்றோ மரணமோ நேர்ந்தது. 72 மணி நேரம் பொறுத்து, முதலில் வாய்வழியாகச் சாப்பிடச் சொல்லி, முடியாதவர்களுக்கு மட்டும் குழாய் போட்ட தரப்பில் அது 27 சதவீதம். குழாய் முந்திப் போனதால் எந்த லாபமும் இல்லை. பொறுத்த தரப்பில் பெரும்பாலானவர்களுக்குக் குழாயே தேவைப்படவில்லை.